பழைய ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்கு எடுத்துப் போகிறீர்களா? வீல், டயர் தேர்வு படிப்படியாக

பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் பழைய வேகக் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹோண்டா சிட்டி விடெக், பழைய மாருதி பலேனோ, ஃபியட் பாலியோ 1.6, கொஞ்சம் வசதி இருந்தால் முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். வாங்கிய கையோடு எல்லாருக்கும் முதலில் வரும் ஆசை பெரிய அலாய் போடுவதுதான். 17 இன்ச் போட்டு, மெல்லிய டயர் மாட்டி, ராக் பீச் ரோட்டில் மெதுவாக ஒரு ரவுண்டு. அது தப்பில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே வண்டியை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் விடப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

இந்தப் பதிவு முதல் தடவை டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைப் பந்தய டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போகிறவர்களுக்கு. உங்களிடம் வண்டியை ஏற்றிப் போக லாரி கிடையாது, திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அதே வண்டியை ஓட்டிப் போய், டிராக்கில் விட்டு, சாயங்காலம் அதே டயரில் வீடு திரும்பப் போகிறீர்கள் என்றுதான் வைத்துக்கொள்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அதைப் பொறுத்தது.

படி 1: டயர் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்

வண்டி இருபது வருடம் பழையது என்றால் புது டயர் போட்டதும் பழைய பாகங்களின் குறைதான் வெளியே வரும். ஜாக்கில் ஏற்றி, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் வருகிறதா, டை ராட் எண்ட். லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் உறை) வெடித்திருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதையெல்லாம் சரி செய்யாமல் பிடிப்பு அதிகமான டயர் மாட்டினால், அந்தப் பிடிப்பு முழுக்கத் தேய்ந்த பாகங்களைத்தான் போட்டு வதைக்கும். பணம் கம்மி என்றால் முதலில் புஷ், பேரிங், பிரேக் ஆயில். மீதி இருப்பதில் டயர். அலாய் கடைசி.

ஆமாம், அலாய் கடைசிதான். பழைய ஸ்டீல் வீலிலேயே நல்ல டயர் போட்டு ஓட்டுகிறவர், பளபளக்கும் அலாயில் மலிவு டயர் போட்டவரைத் தாண்டிப் போவதை எந்த டிராக்கிலும் பார்க்கலாம்.

படி 2: உங்கள் வண்டிக்கு என்ன வீல் பொருந்தும்

நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: பிசிடி, நடு ஓட்டை, ஆஃப்செட், நட்.

பிசிடி என்றால் நட் ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். நான்கு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தாலே தெரிந்துவிடும். சிட்டி, பலேனோ இரண்டும் 4x100, அதாவது நான்கு ஓட்டை, 100 மி.மீ. விட்டம். ஃபோர்டு ஐகான் 4x108. முதல் தலைமுறை ஆக்டேவியா 5x100. இதில் வம்பு பிடித்தது பாலியோ, அது 4x98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 4x100 வீலை வைத்து இழுத்து முறுக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு. உட்கார்ந்தது மாதிரி இருக்கும், ஆனால் போல்ட் கோணலாக இறங்கியிருக்கும், ஓடஓடத் தளரும். தெருவிலேயே செய்யக்கூடாத வேலை, டிராக்கில் யோசிக்கவே வேண்டாம்.

நடு ஓட்டை என்பது வண்டியின் ஹப் (வீல் மாட்டும் அச்சு முனை) நுழையும் ஓட்டை. அது ஹோண்டாவில் 56.1 மி.மீ., சுசுகியில் 54.1, ஸ்கோடாவில் 57.1. வெளியே வாங்கும் அலாய்களில் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையாகவே விட்டிருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு, விலை ரொம்பக் கம்மி. அது இல்லாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் போகாது. டிராக்குக்கு அலுமினிய ரிங் நல்லது, பிளாஸ்டிக் ரிங் பிரேக் சூட்டில் இளகக்கூடும்.

ஆஃப்செட்டில்தான் பலர் குழம்புவார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ரிம்மில் இடி (ET) 45, இடி 35 என்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். இப்போது உங்களிடம் 6ஜே (6 இன்ச் அகல ரிம்) இடி 45 இருக்கிறது, 7ஜே இடி 35 வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஒரு இன்ச் கூடுகிறது, அதாவது இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. அதோடு ஆஃப்செட் 10 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. கூடும், உள்பக்கம் 2.7 மி.மீ. மட்டும் கூடும். ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் அளந்தால் மட்டும் போதாது. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்தும், பின் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்தும் பாருங்கள். டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நின்றால் போலீஸ்காரரிடமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நட் விஷயத்தை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக. ஹோண்டா கம்பெனி வீலுக்கு வரும் நட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு நட்டுக்காகச் செய்தவை. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டு முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் அது தொட்டுக்கொண்டிருக்கும். இறுகியது போலவே ஸ்பேனர் காட்டும். புது அலாய் வாங்கினால் அதற்கேற்ற கூம்பு நட்டும் சேர்த்து வாங்குங்கள். மரை அளவு ஹோண்டாவுக்கு 12x1.5, சுசுகிக்கு 12x1.25, இரண்டையும் மாற்றிப் போட்டால் ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் திருகு) மரை போய்விடும். பாலியோவிலும் ஆக்டேவியாவிலும் நட் கிடையாது, போல்ட். அங்கே நீளமும் முக்கியம்.

படி 3: 15 இன்ச் போதும், நம்புங்கள்

நூறு குதிரைத்திறன் சுற்றி இருக்கும் லேசான வண்டிக்கு 14 அல்லது 15 இன்ச் தாராளம். பெரிய வீல் பெரும்பாலும் கனமும் கூட. சுழலும் கனம் கூடினால் வண்டி கிளம்புவதும் நிற்பதும் மந்தமாகும், பழைய ஷாக் அப்சார்பருக்கு அதை அடக்கவும் தெம்பு இருக்காது. பிரேக் காலிப்பருக்கு இடம் விடும் அளவுக்குச் சின்னதாக எடுங்கள்.

டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்ப்பது அடுத்தது. 175/65 ஆர்14 என்றால் டயர் அகலம் 175 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 113.75, இரண்டு பக்கத்துக்கும் 227.5, அதோடு 14 இன்ச்சுக்கு 355.6. மொத்தம் 583 மி.மீ. இதற்குப் பதில் 195/50 ஆர்15 போட்டால் 576. வித்தியாசம் ஒன்றே கால் சதவீதம்கூட இல்லை, கியர் கொஞ்சம் குட்டையானது போல இழுவை கிடைக்கும், டிராக்கில் அது லாபம். 205/40 ஆர்17 போட்டால் 596-க்குப் போய்விடும்; இழுவையும் போச்சு, ஃபெண்டரிலும் உரசும்.

ஆனால் ரிம் வாங்கும் முன் அந்த அளவில் டயர் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் டயர் பலதும் நமக்குக் கைக்கு எட்டாது. எம்ஆர்எஃப் ஆலையே இருக்கிற ஊர் நம் புதுச்சேரி, ஆனாலும் 195/50 ஆர்15-ல் விளையாட்டு ரகம் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். கிடைக்கும் டயரை முடிவு செய்துவிட்டு அதற்கு ரிம் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 4: எந்த மாதிரி டயர்

டயர் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எல்லா டயரிலும் இருக்காது. 400-க்கு மேல் என்றால் ரொம்ப நாள் உழைக்கும், பிடிப்பு கம்மி. 200 பக்கம் என்றால் ரோட்டிலும் ஓட்டலாம், டிராக்கிலும் நன்றாக ஒட்டும். இந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே கொடுத்துக்கொள்கிறது, அதனால் ஒரே பிராண்டுக்குள் ஒப்பிட மட்டும் நம்பலாம்.

முதல் முறை போகிறவருக்கு என் அபிப்பிராயம்: 200 வேண்டாம். நல்ல 300 ரகச் சாலை டயரே போதும். பிடிப்பு குறைவான டயர் விடும்போது கீச்சென்று சத்தம் போட்டு, மெதுவாக விடும். நீங்கள் சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கும். செமி ஸ்லிக், அதாவது பள்ளங்கள் கம்மியான டிராக் ரக டயர், கடைசி வரை பிடித்துவிட்டுத் திடீரென்று விடும். அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த டயரோடு திண்டிவனம் பைபாஸில் தேங்கிய தண்ணீரில் இறங்குவது தேவையில்லாத தலைவலி.

வேகக் குறியீடு எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240. உங்கள் வண்டி அவ்வளவு போகாதுதான், ஆனாலும் எச்சுக்குக் கீழே வாங்காதீர்கள், பக்கச் சுவர் தளதளவென்று இருக்கும். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு எண் கம்பெனி டயரில் இருப்பதற்குக் குறையக்கூடாது. அப்புறம் தேதி. பக்கச் சுவரில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டும் வருடத்தையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ல் இருபத்து மூன்றாவது வாரம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது என்று ஆறேழு வருடப் பழைய டயரைத் தலையில் கட்டுவார்கள், ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

ஒரு சங்கதி. காய்ந்த டிராக்கில் புத்தம் புது டயரைவிடப் பாதி தேய்ந்த, அதே சமயம் வயதாகாத டயர் நன்றாக ஓடும். ஆழமான பட்டன் சூட்டில் நெளிந்து துண்டு துண்டாகப் பிய்யும். அதனால் புது டயரைச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிவிட்டு டிராக்குக்கு எடுத்துப் போங்கள்.

படி 5: பழைய அலாய் வாங்குகிறீர்களா

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத அலாய் இல்லை. விலையைப் பார்த்து மயங்காமல், ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழலவிடச் சொல்லுங்கள்; வளைவு இருந்தால் கண்ணுக்கே தெரியும். உள்பக்கம் வெல்டு வைத்த தடம் இருந்தால் டிராக்குக்கு வேண்டவே வேண்டாம். ஸ்போக் நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஜேடபிள்யூஎல் (JWL) என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை இருந்தால் ஒரு ஆறுதல், ஆனால் போலி ரிம்மிலும் அதை அச்சடிக்கிறவர்கள் உண்டு. வீட்டு எடை மெஷினில் நிறுத்துப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம்.

நம் பக்கம் உப்புக் காற்று. கடலோரம் நின்ற வண்டியின் அலாயில் டயர் உட்காரும் விளிம்பு பூத்துப்போய் வெள்ளையாக இருக்கும், அந்த வழியாகக் காத்து மெதுவாகக் கசியும். டயர் கழற்றும்போது எமரி தாளால் அதைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அதேபோல வண்டியின் ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வீலை மாட்ட வேண்டும். துருவின் மேல் உட்கார்ந்த வீலில் நட் கட்டாயம் தளரும்.

படி 6: மாட்டுவது

ஏர் கன்னால் தடதடவென்று முறுக்கவிடாதீர்கள். கையால் நட்சத்திர வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர். ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், மற்ற வண்டிக்கு அதன் கையேட்டில் பாருங்கள். பேலன்சிங் ஒட்டு எடை பிரேக் சூட்டில் கழன்று பறக்கலாம், மேலே அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 7: டிராக்கில் காத்து

சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர், கத்திரி வெயிலில் தார் அடுப்புக் கல்லாகக் கொதிக்கும். டயருக்குள் சூடு ஐந்து ஆறு டிகிரி ஏறினால் ஒரு பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 வைத்து இறங்கினால் நாலைந்து சுற்றில் 38, 40 என்று நிற்கும், வண்டி ஐஸில் போவது போல வழுக்கும்.

அதனால் காலையில் ஆறிய டயரில் 28 அல்லது 29 வையுங்கள். முதல் சுற்று நிதானம், அடுத்த நான்கு சுற்று அழுத்தி, பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்த உடனே அளக்கவும். லேசான வண்டிக்குச் சூட்டில் 34 அளவு ஆரம்பிக்க நல்ல இடம். கூடுதலாக இருந்தால் திறந்து விடுங்கள். நான்கு டயரும் ஒரே அளவில் ஏறாது. வலப்பக்க வளைவுகள் அதிகமுள்ள டிராக்கில் இடது முன் டயர்தான் உழைக்கும், அதுதான் அதிகம் ஏறும்.

வெள்ளை ஷூ பாலிஷை டயரின் பட்டனிலிருந்து பக்கச் சுவர் வரை மூன்று இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு இறங்குங்கள். திரும்பி வந்ததும் பாலிஷ் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். தோள்பட்டை ஓரம் வரை அழிந்திருந்தால் சரி. பக்கச் சுவரில் இறங்கி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஓரம் அழியவே இல்லையா, குறையுங்கள். எத்தனை காசு கொட்டினாலும் இதைவிட நேரடியான தகவல் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள், அடுத்த முறைக்கு அதுவே கையேடு.

முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் நட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். டிராக்கில் அடிபட்டால் சாதாரண கார் இன்சூரன்ஸ் கை கொடுக்காது என்பதும் மனதில் இருக்கட்டும், பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியில் விலக்கு.

சாயங்காலம் கிளம்பும் முன் டயரைத் தொட்டுப் பாருங்கள். நன்றாக ஆறிய பிறகு கேஜ் வைத்தால், சூட்டில் திறந்துவிட்ட காத்தால் 26, 27 தான் காட்டும். அந்த அளவில் குடும்பச் சாமானும் ஸ்டெப்னியும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போகக்கூடாது. கையோடு ஒரு சின்ன பம்ப் வைத்திருங்கள், அல்லது ஸ்ரீபெரும்புதூர் பெட்ரோல் பங்கிலேயே 32 பிடித்துவிட்டு, பக்கச் சுவரில் வீக்கமோ பிய்ந்த இடமோ இருக்கிறதா என்று நான்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.