பொட்டலச் சமையல்: பிரிட்டன் போகும் டெல்டாப் பிள்ளைகளுக்கு

ஆகஸ்டு பிறந்தால் பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். செப்டம்பரில் பிரிட்டனில் படிப்பு தொடங்குகிறது, நான் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வாடகை, வங்கிக் கணக்கு என்று ஆரம்பிக்கும் பேச்சு சாப்பாட்டில் வந்துதான் நிற்கும். “அண்ணே, முதல் மாசம் என்ன சாப்பிடறது?”

நான் சொல்வதில் ஒன்று, அளந்து வைத்த பொட்டலம் விற்கும் கடை. நான் இருந்த ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. தாய்லாந்து, மலேசியா, ஜப்பான் என்று நாட்டுக்கு ஓர் அலமாரி. ஒரு பெட்டியில் இரண்டு பேருக்கான நூடுல்ஸ், அரைத்த விழுது, சாஸ், பொடி எல்லாம் சின்னப் பைகளில் அளவாக இருக்கும். காய், கோழி, இறால் நம் பாடு.

தனியாளுக்கு முதல் தடவை இது லாபம்தான். ஒரு தட்டு பாட் தாய்க்காக (தாய்லாந்து வறுத்த நூடுல்ஸ்) மீன் சாஸ், புளிக்கரைசல் என்று புட்டி புட்டியாக வாங்கினால் மிச்சத்தை எங்கே வைப்பது? பகிர்ந்து தங்கும் வீட்டில் ஃப்ரிட்ஜில் உங்களுக்கு ஒரே ஒரு தட்டுதான். ஆனால் அதே சாப்பாட்டை மூன்றாவது தடவையும் பெட்டியாகவே வாங்கினால் கைநஷ்டம்.

ஏன் என்று எங்கள் அம்மாதான் காட்டினாள். ஒரு விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு பாட் தாய் பெட்டி கொண்டுவந்திருந்தேன். பைகளைக் கூடத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “இது புளி. இது பனைவெல்லம் மாதிரி இருக்கு. இது வேர்க்கடலை. இதுக்கா காசு குடுத்தே?” மீன் சாஸ் பையை முகர்ந்தவள், நாகப்பட்டினம் கருவாட்டு வாசனை என்று தள்ளி வைத்தாள். தப்பில்லை. நெத்திலி வகை மீனை உப்பில் ஊறவைத்து வடிப்பதுதான் அது. பெட்டியில் நமக்குப் புதிது அதுவும் அந்தப் பட்டை நூடுல்ஸும் மட்டுமே. இரண்டும் தனியாகக் கிடைக்கும்.

சைவக்காரர்கள் கவனிக்க. ‘கிரீன் கரி’ (தாய்லாந்துப் பச்சைக் குழம்பு) என்று பெயர் போட்டிருந்த ஒரு பெட்டியை நம்பி வாங்கி, என் அறைத்தோழனுக்கும் சேர்த்துச் சமைத்தேன். திருவையாற்றுப் பையன், முட்டைகூடத் தொடமாட்டான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அட்டையைப் படித்தோம். விழுதில் இறால். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அச்சிட்டுத்தான் இருந்தது. பிரிட்டனில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை, இருந்தால், பொருள் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். மீன், இறால் நண்டு வகை, சிப்பி வகை, பால், முட்டை எல்லாம் அந்த 14-இல் வரும். கோழி, மாடு, பன்றி வராது. எனவே சூப்புப் பொடியில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று தெரிய, தடித்த எழுத்து போதாது, பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ஹலால் பார்க்கும் நாகூர், கூத்தாநல்லூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஜப்பான் பெட்டிகளில் வரும் மிரின் என்பது இனிப்பான அரிசி மது.

அப்புறம் அளவு. என் பெட்டிகளில் ஆளுக்கு 75 கிராம் அரிசி என்று போட்டிருந்தது. அது நம் அரை ஆழாக்கு! சம்பா வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு பேருக்கான பெட்டியை ஓர் ஆளுக்கு என்றே கணக்கு வையுங்கள், அல்லது கூடுதலாக ஒரு பிடி அரிசி போடுங்கள். பொன்னி அரிசிக்கு வைக்கிற தண்ணீரை மட்டும் மல்லிகை அரிசிக்கு வைத்துவிடாதீர்கள், குழைந்து கஞ்சியாகிவிடும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மேல் வேண்டாம்.

சாயங்காலத்தில் கடைகளில், தேதி நெருங்கிய பொருட்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைத்திருப்பார்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் தேதி தாண்டினாலும் ருசிதான் கொஞ்சம் குறையும். ‘யூஸ் பை’ என்றால் தேதி தாண்டித் தொடக்கூடாது.

பயணப் பெட்டியில் இடமிருந்தால் புளி, மிளகாய் வத்தல், சுண்டைக்காய் வத்தல் எடுத்துப் போங்கள். நெய், திரட்டுப்பால் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். வடகம் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை மணி அலறினால் மொத்த வீடும் வாசலுக்கு வந்துவிடும்.

போன வருடம் முதல் அம்மாவே பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சை அளவு புளி, ஒரு பிடி சுண்டைக்காய் வத்தல், குழம்புப்பொடி, ஓர் உருண்டை வடகம். மேலே ‘வத்தக்குழம்பு, ரெண்டு பேருக்கு’ என்று என்னை எழுதச் சொல்வாள். நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.