பம்ப்–மோட்டார் அலைன்மென்ட்: டயல் கேஜ் போதும், லேசர் அப்புறம் வாங்கலாம்

ஒரே பம்புக்குத் திரும்பத் திரும்ப பேரிங் மாற்றிக்கொண்டிருக்கிறீர்களா? பேரிங் கம்பெனியைத் திட்டுவதற்கு முன், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் கார்டை (மூடியை) கழற்றி, அதன் அடியில் பாருங்கள். கறுப்பாக ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தால் விஷயம் பேரிங்கில் இல்லை. மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவற்றை நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அலைன்மென்ட். மெக்கானிக்கல் சீல் அடிக்கடி ஒழுகுவது, கப்ளிங் பக்கத்துப் பேரிங் மட்டும் அதிகமாகச் சுடுவது, ஷாஃப்ட் நீளவாக்கில் அதிர்வு கூடுவது எல்லாம் இதே குடும்பத்து நோய்கள்தான்.

பந்து பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை கால்பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோணலாக நிற்கும் கப்ளிங் அந்தக் கால்பங்கைச் சுலபமாகக் கொடுத்துவிடும்.

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இதன் அவசரம் புரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் ஆலை ஓட முடியும் என்றாகிவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பம்ப் நின்று, ஸ்டாண்ட்பையும் கைவிட்டால், கொஞ்ச நேரத்தில் டேங்க் நிரம்பிச் சாய மெஷினையும் நிறுத்த வேண்டியதுதான்.

கப்ளிங் கழற்றுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 11 கிலோவாட் (15 எச்.பி.), 4 போல் (ஏறக்குறைய 1500 ஆர்.பி.எம்.), 160 ஃபிரேம் மோட்டார்.

என்னென்ன வேண்டும்

0.01 மி.மீ. துல்லியமுள்ள டயல் கேஜ் (மிகச்சிறு நகர்வையும் முள்ளில் காட்டும் கருவி) இரண்டு, பிடிமானத்துக்கு பிராக்கெட், இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ், மோட்டார் காலடியில் வைக்க யு வடிவில் வெட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷிம் (மெல்லிய தகடு), ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

ஷிம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பித்தளைத் தகட்டைக் கத்தரியால் வெட்டிச் சொருகினால் ஓரம் மடங்கி நிற்கும். அந்த மடிப்பு பிறகு அமுங்கும்போது செய்த வேலை எல்லாம் போச்சு. தகர டப்பாவை வெட்டி வைப்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. லேசர் கருவி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டயலில் கணக்குப் போட்டுப் பழகாதவர் லேசர் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்புவார். முதலில் டயல் பழகுங்கள்.

1. பவரை நிறுத்துங்கள், பூட்டுங்கள்

ஸ்டாப் பட்டனை அழுத்துவது இதற்குப் போதாது. கழிவுநீர் பம்புகளில் பாதிக்கு மேல் லெவல் சுவிட்ச் வைத்துத் தானாக ஓடுபவை. நீங்கள் கப்ளிங்கில் கை வைத்திருக்கும் நேரத்தில் டேங்க் நிரம்பினால் மோட்டார் ஓடிவிடும். பிரேக்கரை ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். யார், எதற்காகப் பூட்டினார் என்று எழுதிய டேக் தொங்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது வழக்கம். அதுவும் முழு ஆதாரம் இல்லை. டேங்கில் தண்ணீர் குறைந்தால் ஓடவிடாத லோ லெவல் இன்டர்லாக் தடுத்துக்கொண்டிருந்தாலும் மோட்டார் ஓடாது, நீங்கள் பவர் போய்விட்டது என்று நினைப்பீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து மோட்டார் டெர்மினலில் மூன்று ஃபேஸையும் டெஸ்ட் செய்யுங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள்.

டெலிவரி வால்வை மூட மறக்க வேண்டாம். நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக அடைக்காவிட்டால் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பி வந்து பம்பைப் பின்னோக்கிச் சுற்றும்.

2. டயலைத் தொடுவதற்கு முன்

அலைன்மென்ட் நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான். மோட்டார் உட்காரும் பேஸ் பிளேட்டில் துருவும் பெயின்ட்டும் இல்லாமல் சுரண்டுங்கள். ஃபவுண்டேஷன் போல்ட் இறுக்கமா என்று பாருங்கள். பழைய ஷிம்களை வெளியே எடுத்துத் துடையுங்கள். ஒரு காலடியில் நாலுக்கு மேல் ஷிம் வேண்டாம், அடுக்கு கூடினால் ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். மெல்லிசாகப் பத்து இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தடிமனாக ஒன்று, அதன் மேல் மெல்லிசாக ஒன்று என்று வையுங்கள்.

அடுத்து சாஃப்ட் ஃபுட், அதாவது நாலு காலில் ஒன்று பிளேட்டில் சரியாக உட்காராமல் இருப்பது. நாலு போல்ட்டையும் இறுக்குங்கள். ஒரு காலின் மேல் டயல் வைத்து, அந்தக் காலின் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் கால் எழும்பினால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஃபீலர் கேஜை நாலு மூலையிலும் விட்டுப் பார்த்து, சமமான இடைவெளியாக இருந்தால் அந்த அளவுக்கு ஷிம் போடுங்கள். ஒரு மூலையில் மட்டும் இடைவெளி என்றால் கால் வளைந்திருக்கிறது. அதைச் சமதள ஷிம் போட்டுச் சரிசெய்ய முடியாது, மெஷினிங் வேண்டும். மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள்.

சாஃப்ட் ஃபுட்டை அப்படியே விட்டுவிட்டு போல்ட்டை இறுக்கினால் மோட்டார் பாடியே முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் ரீடிங் வேறு வேறாக வருவது இதனால்தான்.

மூன்றாவது, குழாய் இழுப்பு. பம்பில் குழாய் சேரும் ஃபிளாஞ்சைக் கழற்றியதும் குழாய் ஒரு பக்கம் துள்ளிக்கொண்டு போனால், இவ்வளவு நாளும் பம்ப்தான் குழாயைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சப்போர்ட் வைத்துக் குழாயைச் சரிசெய்யுங்கள். செயின் பிளாக் போட்டு இழுத்து ஃபிளாஞ்சைச் சேர்க்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அப்படிச் செய்த பம்ப் கேசிங் விரிசல் விட்டதையும் பார்த்திருக்கிறேன். ஃபிளாஞ்ச் இறுக்கும்போது கப்ளிங்கில் டயல் வைத்துப் பாருங்கள், முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது.

3. பிராக்கெட்டின் தொய்வு

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டயலும் முள்ளும் சரியாக இருந்தும், வேலை முடிந்த பிறகு அதிர்வு குறையாமல் நிற்பதற்கு முக்கியமான காரணம் இது.

பிராக்கெட்டைப் பம்ப் பக்கத்துக் கப்ளிங்கில் பிடித்து, அதன் நுனியில் உள்ள டயல் மோட்டார் பக்கத்துக் கப்ளிங்கின் விளிம்பைத் தொடும்படி வைக்கிறோம். பிராக்கெட் நீளமாக இருந்தால் டயலின் எடைக்குக் கீழ்நோக்கித் தொய்யும். டயல் மேலே இருக்கும்போது தொய்வினால் அதன் தொடுமுனை உள்ளே அமுங்கும். கீழே வரும்போது டயல் விளிம்பை விட்டு விலகும். ஷாஃப்ட் கச்சிதமாக நேராக இருந்தாலும் டயல் கீழே ஒரு மைனஸ் காட்டும்.

அளப்பது சுலபம். வளையாத தடித்த பைப் ஒன்றை எடுங்கள். அதே பிராக்கெட், அதே டயல், அதே தூரம் வைத்துப் பிடியுங்கள். மேலே பூஜ்யம் செய்து, பைப்பை உருட்டி டயலைக் கீழே கொண்டு வாருங்கள். −0.12 என்று காட்டினால் அதுதான் உங்கள் பிராக்கெட்டின் தொய்வு. நோட்டில் எழுதுங்கள், பிராக்கெட்டின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவைத்தாலும் தப்பில்லை.

இதைக் கழிக்காமல் டயலில் கீழே பூஜ்யம் வரும்வரை ஷிம் போட்டால் மோட்டார் 0.06 மி.மீ. தாழ்வாக நிற்கும். 1500 ஆர்.பி.எம்.மில் ஒப்பேற்றிவிடலாம். 2900 ஓடும் பம்பில் இதுவே கிட்டத்தட்ட கடைசி எல்லை.

4. ரீடிங்

கப்ளிங் ரப்பரை எடுத்துவிட்டு, இரண்டு ஷாஃப்டையும் சேர்த்தே சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் கப்ளிங்கின் வெளிவட்டத்தில் உள்ள கோணலும் கணக்கில் புகுந்துவிடும். எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். ஒரு டயல் மோட்டார் கப்ளிங்கின் விளிம்பில், இன்னொன்று அதே கப்ளிங்கின், பம்பைப் பார்த்திருக்கும் முகத்தில். மேலே இரண்டையும் பூஜ்யம் செய்யுங்கள். மோட்டாருக்குப் பின்னால் நின்று பார்த்தால் வரும் இடது, வலதுதான் நம் இடது, வலது. தொடுமுனை உள்ளே அமுங்கினால் பிளஸ்.

விளிம்பு டயல் இப்படிக் காட்டுகிறது என்று வைப்போம்: மேல் 0, வலது +0.10, கீழ் +0.28, இடது +0.18. முதலில் சோதனை: மேலும் கீழும் கூட்டினால் 0.28, இடதும் வலதும் கூட்டினாலும் 0.28. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் பிராக்கெட் நழுவியிருக்கும், இல்லை பேரிங் ஆடும். கணக்குப் போடாமல் மறுபடி எடுங்கள்.

தொய்வு −0.12. உண்மையான கீழ் ரீடிங் 0.28 + 0.12 = 0.40. டயல் காட்டுவது எப்போதும் இரண்டு மடங்கு, ஆகவே மோட்டார் 0.20 மி.மீ. தாழ்வு. கீழ் ரீடிங் மைனஸாக வந்திருந்தால் மோட்டார் உயரம்.

முக டயல் கீழே +0.06 காட்டுகிறது, அது சுற்றும் வட்டத்தின் விட்டம் 120 மி.மீ. அதாவது 120 மி.மீ.க்கு 0.06 சாய்வு. கீழே பிளஸ் என்றால் மோட்டார் பின்பக்கம் இறங்கி நிற்கிறது. விளிம்பு டயல் இருக்கும் இடத்திலிருந்து முன்காலுக்கு 190 மி.மீ., பின்காலுக்கு 400 மி.மீ. தூரம்.

முன்காலுக்கு: 0.20 + (0.06 ÷ 120 × 190) = 0.295, அதாவது 0.30 மி.மீ. ஷிம்.
பின்காலுக்கு: 0.20 + (0.06 ÷ 120 × 400) = 0.40 மி.மீ. ஷிம்.

சரி, இப்போது பக்கவாட்டு. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் 0.08, அதில் பாதி 0.04. மோட்டார் இடப்பக்கம் 0.04 தள்ளி நிற்கிறது. பக்கவாட்டுச் சாய்வும் முக டயலில் இதே கணக்குதான். நகர்த்துவதற்குச் சுத்தியல் எடுக்காதீர்கள். அந்த அடி பேரிங் பாதையில் குழி விழ வைக்கும். பேஸ் பிளேட்டில் ஜாக் போல்ட் வைத்தால் திருகித் திருகி நகர்த்தலாம். அதை வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை பேஸ் பிளேட்டிலேயே, வெல்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். மோட்டாரில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயலாம்.

முதலில் மேல்-கீழ், அப்புறம் பக்கவாட்டு. போல்ட்டை குறுக்கு மறுக்காக இறுக்கி, ரீடிங்கைத் திரும்ப எடுங்கள்.

எவ்வளவு போதும்?

1500 ஆர்.பி.எம்.முக்கு மையம் விலகல் 0.05 மி.மீ. நல்லது, 0.10 வரை விடலாம். சாய்வு 100 மி.மீ.க்கு 0.05 முதல் 0.08 வரை. 2900 என்றால் விலகல் 0.03 நல்லது, 0.07-க்கு மேல் வேண்டாம். கப்ளிங் கேட்லாக்கில் இதைவிடத் தாராளமான எண் இருக்கும். அது ரப்பர் தாங்கும் அளவு, பேரிங்கும் சீலும் அதைத் தாங்காது.

5. ஓட்டிப் பார்ப்பது

கப்ளிங் ரப்பர் போடுவதற்கு முன்பே மோட்டாரைத் தனியாக ஓட்டிச் சுற்றும் திசையைப் பாருங்கள். அதற்குப் பிறகு மறுபடி பூட்டிவிட்டுத்தான் கப்ளிங்கைச் சேர்க்க வேண்டும். கார்டு போடாமல் ஓட்டாதீர்கள், ஐந்து நிமிட டிரையலுக்கும்கூட. சுழலும் பாகத்துக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 21-ஆம் பிரிவு சொல்லிவிட்டது.

பேனா மாதிரி சிறிய அதிர்வு மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அதிர்வுக்கான பழைய ஐ.எஸ்.ஓ. 10816 அளவுப்படி 15 கிலோவாட் வரையுள்ள மெஷினுக்கு விநாடிக்கு 1.8 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 4.5-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

கரண்ட் பில் குறையுமா என்று கேட்பீர்கள். அலைன்மென்ட் செய்தால் பெரிய சதவீதம் மிச்சம் என்று கருவி விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. கிளாம்ப் மீட்டரில் வித்தியாசம் தெரிவதே அபூர்வம். சீல், பேரிங், நின்றுபோகும் மணி நேரம், இவற்றில்தான் காசு மிச்சமாகும். கரண்ட் மிச்சம் வேண்டுமென்றால் டெலிவரி வால்வைப் பாதி மூடிவைத்து ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை: சூடான பம்ப்

பாய்லருக்குச் சூடான தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்பில் எல்லாம் சரியாக வைத்தும் ஓட ஓட அதிர்வு ஏறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வெப்ப விரிவு. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 160 ஃபிரேம் மோட்டாரில் ஷாஃப்ட் உயரம் 160 மி.மீ., ஃபிரேம் எண்ணே அந்த உயரம்தான். அதன் பாடி 40 டிகிரி சூடானால் 0.16 × 40 × 0.012, அதாவது கிட்டத்தட்ட 0.08 மி.மீ. மையம் மேலே ஏறும். சாதாரணத் தண்ணீர் பம்பில் பம்ப் குளிர்ச்சியாகவே இருக்கும், அதனால் மோட்டாரைக் கொஞ்சம் தாழ்வாக விட்டுவைக்கலாம். ஃபீட் பம்பில் பம்ப் மோட்டாரைவிட அதிகம் ஏறினால், அந்த வித்தியாசத்துக்கு மோட்டாரை உயர்த்தி வைக்க வேண்டும். பம்ப் காலில் தாங்குகிறதா, மையக்கோட்டில் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மையக்கோட்டில் தாங்கும் பம்ப் மிகக் குறைவாகத்தான் ஏறும்.

இன்னொன்று: முக டயல் மட்டும் தடவைக்குத் தடவை மாறுகிறது

ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறது. சுற்றும்போது ஒவ்வொரு இடத்திலும் ஷாஃப்டை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரீடிங் எடுங்கள். புஷ் பேரிங் உள்ள பெரிய மோட்டார்களில் இது போதாது. முகத்தில் எதிரெதிரே இரண்டு டயல் வைத்து, மேலிருந்து கீழே வரும்போது இரண்டும் மாறிய அளவுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.