ஷாட் டைமர் வாங்குவதற்கு முன்: கடைசிக் குண்டைக் கேட்கும் கருவி எது?

துப்பாக்கி சுடுதல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒலிம்பிக் போட்டிகள்தான். அங்கே 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவில் ஐந்து குண்டுகளை 8, 6, 4 வினாடி என்ற வரம்புகளுக்குள் சுட வேண்டும். அந்த நேரத்தை இலக்குப் பகுதியின் அமைப்பே கட்டுப்படுத்துகிறது. 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) நடத்தும், வேகத்தையும் குறியையும் சேர்த்து மதிப்பிடும் பிராக்டிகல் ஷூட்டிங் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே ரேஞ்ச் ஆபீசர் எனப்படும் நடுவர் கையில் பிடித்திருக்கும் ஷாட் டைமர் ‘பீப்’ ஒலி எழுப்பித் தொடங்கி வைக்கிறது. பிறகு ஒவ்வொரு வெடியோசையையும் மைக்ரோஃபோன் வழியாகக் கேட்டு, கடைசியாகக் கேட்ட ஓசையின் நேரத்தை வினாடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கேட்கும் திறனைத்தான். இந்தப் போட்டியில் பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ‘ஹிட் ஃபேக்டர்’ என்னும் மதிப்பெண். 60 புள்ளிகளை 6.00 வினாடியில் எடுத்தவருக்கு அது 10. கடைசிக் குண்டைக் கேட்கத் தவறிய டைமர் 5.75 என்று காட்டினால் அது 10.43 ஆக உயர்ந்துவிடும். பக்கத்துச் சுடுதளத்தில் வெடித்ததையும் சேர்த்துக்கொண்டு 6.40 என்று காட்டினால் 9.38க்கு இறங்கிவிடும். இரண்டுமே போட்டியாளரின் திறமைக்குத் தொடர்பில்லாத எண்கள். ஆகவே உணர்திறனைப் பல படிகளில் கூட்டவும் குறைக்கவும் முடிகிற கருவியையே வாங்க வேண்டும். மெல்லிய ஓசையுடைய .22 துப்பாக்கிக்கு உணர்திறனைக் கூட்ட வேண்டியிருக்கும். தளங்கள் நெருக்கமாக அமைந்த இடத்தில் அதைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கூரையும் சுவரும் உள்ள உள்ளரங்கில் எதிரொலி இன்னொரு தொல்லை. ஒரு வெடியைக் கேட்டபின் மிகக் குறுகிய நேரத்துக்கு வேறெதையும் பதிவு செய்யாதிருக்கும் அமைப்பு சில கருவிகளில் உண்டு. ஆனால் அந்த இடைவெளியை மனம்போல் நீட்டிவிடக் கூடாது. நன்கு பழகியவர்கள் இரண்டு குண்டுகளுக்கு இடையே 0.15 வினாடியோ அதற்கும் குறைவாகவோதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், எதிரொலியை விலக்கப் போய் உண்மையான குண்டையே விட்டுவிட நேரும்.

தனியாகப் பயிற்சி செய்பவருக்கு மேலும் தேவைப்படுவது ‘பார் டைம்’ வசதி. முதல் பீப்பில் கையை அசைத்து, இரண்டாவது பீப் ஒலிப்பதற்குள் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிவைத்து முடிக்க வேண்டும், 1.5 வினாடியில் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வரலாம். குண்டில்லாமல் வீட்டில் செய்யும் பயிற்சிக்கு இதுவே போதும். அந்த அறையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இவ்வளவுதான் தேவை என்றால் கைப்பேசிச் செயலியே போதுமானது. மைதானத்தில் அதை நம்புவது சரியல்ல என்பது என் கருத்து.

நடுவருக்கான கருவியின் இலக்கணம் வேறு. ‘ஸ்டாண்ட் பை’ என்று கூறியபின் 1 முதல் 4 வினாடிக்குள் தொடக்க ஒலி எழ வேண்டும் என்பது ஐபிஎஸ்சி விதி. அந்த எல்லைக்குள் தானாக மாறி மாறி ஒலிக்கும் அமைப்பு இருப்பது நல்லது. காதுக்கவசம் அணிந்தவருக்கும் தெளிவாகக் கேட்கும் அளவு ஒலி வேண்டும். உச்சி வெயிலிலும் எண்கள் தெரிய வேண்டும். தொடக்கப் பொத்தான் பெரிதாகவும், பழைய பதிவுகளைப் பார்க்கும் பொத்தான் அதிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்வதற்கு முன்பே கட்டைவிரல் தவறுதலாகப் பட்டு அடுத்த ஓட்டம் தொடங்கிவிட்டால் சங்கடம் நடுவருக்குத்தான்.

பாக்கெட் ப்ரோ, பேக்ட் கிளப் டைமர் போன்றவை 9 வோல்ட் பேட்டரியில் இயங்குவதால், மாற்று பேட்டரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் கவலையில்லை. சிஇடி 7000 சிறியது, மின்னேற்றம் செய்யக்கூடியது. முந்தைய இரவு மறந்துவிட்டால் போட்டி நாளில் அதுவே இடராகும். ஏஎம்ஜி லேப் கமாண்டர் போன்ற புளூடூத் கருவிகள், போட்டி மதிப்பெண்களைப் பதிவு செய்யும் பிராக்டிஸ்கோர் செயலிக்கு நேரத்தை நேரடியாக அனுப்புவதால், 12.68ஐ 12.86 என்று எழுதிவிடும் பிழைக்கு இடமில்லை.

வாங்கிய கருவியை முதல் போட்டிக்கு முன்பே அதே தளத்தில் சோதித்துவிட வேண்டும். கருவியைத் துப்பாக்கிக்கு அருகில், ஆனால் சுடுபவருக்கு இடையூறு இல்லாமல் பிடித்துக்கொண்டு, சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையும் திரையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும். பக்கத்துத் தளத்தில் சுடும்போதும் இதையே திரும்பச் செய்யவும். எவ்வளவு நல்ல கருவியும் ஒருநாள் தவறலாம் என்பதால்தான், நேரத்தைச் சரியாகப் பதிவு செய்ய இயலாமல் போனால் போட்டியாளர் அந்தச் சுற்றை மீண்டும் சுட வேண்டும் என்று விதியே வகுத்திருக்கிறார்கள்.