மனுவில் வாக்கியத்தோடு வாக்கியம் சேர

வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவது என் வேலை. வருகிறவர்களிடம் விஷயம் இருக்கும், ஆதாரமும் இருக்கும். வரிசைதான் இருக்காது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அத்தனை மனுக்களுக்கு நடுவே உங்கள் மனுவை எடுக்கிறவர், ஒரே வாசிப்பில் அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். அதற்கு ஏற்றபடி எழுத வேண்டியது நம் பொறுப்பு.

எழுதும் முன் மூன்று கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பாருங்கள்: என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு, இப்போது என்ன வேண்டும். வேண்டியதை 'பொருள்' வரியிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதைக் காலப்படி வையுங்கள்.

நம் பக்கத்தில் காலத்தைச் சொல்ல இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். வாலாஜா பக்கத்து நிலம் ஒன்றின் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது; மீதி பிறகு வேலூர் மாவட்டம் என்று ஆனது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே நிலத்தின் காகிதங்களில் மூன்று மாவட்டப் பெயர் இருந்தால், புதிதாகப் படிக்கிறவர் மூன்று நிலம் என்றுகூட நினைப்பார். 'அப்போது வட ஆற்காடு, பிறகு வேலூர், தற்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. (அந்த மனு போகவேண்டியதும் ராணிப்பேட்டை கலெக்டருக்குத்தான்.)

அடுத்து இணைப்பு. உதாரணத்துக்கு ஒன்று:

"என் தந்தை இறந்துவிட்டார். வாரிசுச் சான்று உள்ளது. மேலும் பட்டா மாற்ற விண்ணப்பித்தேன். மேலும் அளவு தவறாக உள்ளது. மேலும் நிராகரித்துவிட்டார்கள்."

எது எதற்குக் காரணம் என்று இதில் தெரியவே இல்லை. 'மேலும்' என்பது இன்னொரு விஷயத்தைச் சேர்க்கும், காரணம் சொல்லாது. இப்படி மாற்றுவேன்:

"என் தந்தை இறந்தபின் வாரிசுச் சான்று பெற்று, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். வாரிசுச் சான்றை இணைத்திருந்தும், பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் பொருந்தாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."

தமிழில் எல்லா இணைப்புக்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. வினையின் கடைசியே அந்த வேலையைச் செய்துவிடும். 'கொடுத்தபின்' காலம், 'கொடுத்ததால்' காரணம், 'கொடுத்தும்' எதிர்பார்த்தது நடக்கவில்லை, 'கொடுத்தால்' நிபந்தனை. கடைசி எழுத்து மாறினால் வழக்கே மாறிவிடும். "மனு கொடுத்தபின் நடவடிக்கை இல்லை" என்பது வெறும் தகவல். "மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை" என்பதுதான் குறை. ஆனால் இதற்காக நாலு வினையை ஒரே வாக்கியத்தில் கோத்துவிடாதீர்கள். இரண்டு போதும், மூன்றாவது வந்தால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

'இதனால்' என்று தொடங்கும்போதும் கவனம். மேலே மூன்று விஷயம் சொல்லியிருந்தால் எதனால் என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? 'இந்த அளவு வேறுபாட்டால்' என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள். அதேபோல 'ஏனெனில்' என்று தொடங்கி 'என்பதால்' என்று முடிப்பது இரட்டை வேலை. ஒன்று போதும்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் "சரி, அப்புறம்?" அல்லது "ஏன்?" என்று கேளுங்கள். அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

'ஆகவே' கடைசிப் பத்திக்கு உரியது, அதற்குப் பின் ஒரே ஒரு கோரிக்கை: "ஆகவே நிலத்தை மறுபடி அளந்து, பட்டாவைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்." தெருவிளக்கு எரியவில்லை என்பதும் உண்மைதான், அதற்குத் தனி மனு எழுதுங்கள். இணைக்கிற நகல்களுக்கு, மனுவில் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் எண் போடுங்கள்.