செம்பருத்தியில் எறும்பு ஏறினால்

மாடியில் இருக்கும் என் செம்பருத்தியில் கறுப்பு எறும்புகள் வரிசை கட்டி ஏறியதும், முதல் வருஷம் தொட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவினேன். நாலே நாளில் வரிசை திரும்பி வந்தது. எறும்பு வருவது செடிக்காக இல்லை, செடியின் சாற்றை உறிஞ்சும், வெள்ளை மாவு பூசினாற்போன்ற மாவுப்பூச்சிக்காக.

நம்பாவிட்டால், வெயில் ஏறுவதற்குள் ஒரு பூதக்கண்ணாடியோடு மொட்டுக் காம்பருகே உட்காருங்கள். எறும்பு உணர்கொம்பால் பூச்சியின் பின்பக்கத்தைத் தட்டும். அது ஒரு சொட்டு இனிப்பு நீர் விடும். குடித்துவிட்டு எறும்பு அடுத்ததைத் தட்டப் போகும். இதற்குக் கூலியாகக் காவல் வேலையும் உண்டு: மாவுப்பூச்சியைத் தின்னப் பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட குளவிகளையும் எறும்பு எளிதில் நெருங்க விடாது.

அதனால் முதலில் வழியை அடையுங்கள். தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு. சுவரையோ பக்கத்துச் செடியையோ ஓர் இலைகூடத் தொடக் கூடாது. நான் அதைக் கவனிக்காமல் விட, கறிவேப்பிலைக் கிளை வழியாக ஜோராக ஏறிவிட்டன. தரையில் நிற்கும் மரமென்றால் தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவலாம். பட்டையில் நேரடியாக வேண்டாம்.

அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மாவுப்பூச்சி ஒட்டிய இடங்களைத் தேயுங்கள். சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

தேய்ப்பதற்கு முன் ஒன்று. மாவுப்பூச்சி போலவே வெள்ளை நூல் தொங்க, ஆனால் அதைவிடப் பெரிதாக ஏதாவது கண்ணில் பட்டால் ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள். விறுவிறுவென்று ஓடினால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு. இது தெரியாமல் பத்துப் பன்னிரண்டை நசுக்கியிருக்கிறேன்.

கொல்லையில் உள்ள மாமரத்து முசுறுகளை, அதாவது இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்புகளை, மட்டும் நான் தொடுவதில்லை. அவையும் மாவுப்பூச்சி வளர்க்கும்தான், ஆனால் புழு பிடிப்பதில் கெட்டி. காய் பறிக்கிற அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறுவேன். அப்படியும் கழுத்தில் இரண்டு கடி நிச்சயம்.