நிச்சயத்துக்கு முன்னால் தலசீமியா கேரியர் பரிசோதனை

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு ஹீமோகுளோபின் 11-ஐ எட்டியதில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று நாலு வருஷம் போனது. ஒருநாள் லேப்பில் ஒரு அக்கா ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிவப்பணு 55 லட்சம் இருக்கு, ஆனா எம்.சி.வி, அதான் சிவப்பணுவோட சராசரி அளவு, 62தான். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுக் காட்டுற எச்.பி.எல்.சி டெஸ்ட் ஒண்ணு பாத்துரும்மா" என்றார்.

உங்கள் சி.பி.சி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். எம்.சி.வி 80-க்குக் கீழே, எம்.சி.எச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே, சிவப்பணு மட்டும் தாராளமாக இருந்தால் எச்.பி.எல்.சி கேளுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹெச்பி ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர்; அதாவது, ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரை ரத்தநோயின் மரபணு ஒன்றைச் சுமப்பவர். எனக்கு 5.2. இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் இந்த எண் இறங்கிக் காட்டும். அதனால் உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கேரியர் நோயாளி இல்லை. துணைவருக்கும் பார்ப்பதுதான் முக்கியம். எனக்கு அத்தை மகனைப் பேசியிருந்தார்கள். "பையனுக்கு எதுக்கு?" என்று பாட்டி சத்தம் போட்டார். பார்த்தால் அவரும் கேரியர். சொந்தத்தில் கட்டும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். ஒருவருக்குப் பீட்டா, மற்றவருக்குச் சிக்கிள் அல்லது ஹெச்பி ஈ (இவையும் பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாற்றங்கள்) இருந்தாலும் சிக்கல்தான். அவற்றையும் இதே பரிசோதனை காட்டிவிடும்.

இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான வகை) வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள்.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே இருவர் ரத்தத்திலும் டி.என்.ஏ பரிசோதனை செய்து, ஹீமோகுளோபினின் பீட்டா பகுதியை உருவாக்கும் ஹெச்.பி.பி மரபணுவில் என்ன மாற்றம் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். அது கையில் இருந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று லேபுக்குத் தெரியும். ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகலாம்; கர்ப்பமான பிறகு ஓடினால் நாள் பத்தாது.

கர்ப்பத்தின் 12-வது வாரத்தில், கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்க சி.வி.எஸ் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி விட்டு நஞ்சுக்கொடித் திசுவைத் துளி எடுக்கிறார்கள். அத்தை மகன் என் கையை விடவே இல்லை. கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையானால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி முதலிலேயே கேளுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது, அவர்களும் சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி.

ரிப்போர்ட்டில் 'கேரியர்' என்று வந்தது. என்னைப் போலத்தான் எங்கள் மகளும். அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் அதை எழுதி வைத்திருக்கிறேன்.