சோலார் போடும் முன் மார்கழி நிழலைப் பாருங்கள்

குரோம்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் ஓடுகிறது. யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் பேசுவது நிழலைப் பற்றித்தான்.

அம்மா வடாம் காயப்போடும் இடத்தில் வெயில் நாள் முழுக்க அடிக்கும். மே மாதம் அளக்க வந்தவர்களும் அங்கேயே மாட்டலாம் என்றார்கள், நானும் சரி என்றேன். ஆனால் வடாம் போடுவது கோடையில். அப்போது சூரியன் உச்சந்தலைக்கு மேலே. மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். தெற்கில் ஆறடி உயரத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நண்பகலிலேயே நாலரை அடிக்கு நிழல் வடக்கே விழும், காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளம். எங்கள் பேனல் ஒன்றில் ஒரு மூலைதான் மறைந்தது. உள்ளே செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று மறைந்தாலும் மற்றவற்றின் மின்சாரமும் தடைப்படும், அந்தச் சின்ன நிழலுக்கே உற்பத்தி நன்றாக இறங்கியது. பிறகு கழற்றி இடம் மாற்றினோம். நீங்கள் மாட்டும் முன்பே தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டுத் தென்னை என எல்லாவற்றின் டிசம்பர் நிழலையும் கணக்கிட்டு, சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பேனல் தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும்.

அடுத்து அளவு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஒரு வருட இ.பி. பில்லை எடுத்து, சராசரி இரண்டு மாத யூனிட்டை 240ஆல் (60 நாள் × 4 யூனிட்) வகுங்கள். அத்தனை கிலோவாட் போதும்.

பேனலில் வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இன்வெர்ட்டர் அதை வீட்டில் பயன்படும் ஏசி மின்சாரமாக்கி வீட்டு லைனில் விடும். பகலில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் எடுத்தது போக மிச்சம் தெரு லைனுக்குப் போகும், ராத்திரிக்கு அங்கிருந்து வாங்குகிறோம். போனதையும் வந்ததையும் நெட் மீட்டர் தனித்தனியாகக் காட்டும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். நம் மின்சாரம் தெரு லைனில் ஏறாமல், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கான பாதுகாப்பு அது, குறை சொல்லாதீர்கள். அப்போதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள்.

2024இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்டினால், இணைப்பு முடிந்தபின் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

பேனலைச் சூடேறும் முன், விடியற்காலையில் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். நான் மெட்ரோ வாட்டரில் இரண்டு வாளி எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைக்கிறேன்.